பெருவிரல் தடம்: கடுங்கணைய அழற்சியும் உடலின் காவலும்



எனக்குத் தந்திருக்கும் பொருள் ஒரு வயிற்று நோய். ஆனால் பேச்சை ஒரு தோல் ஷாப்பில் தொடங்குகிறேன். காரணம் சற்று நேரத்தில் விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மருத்துவ முகாம். முடிந்து கிளம்பும் நேரத்தில் டிரம்மு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், "எங்க வேலையையும் கொஞ்சம் பார்த்துட்டுப் போங்க டாக்டர்" என்று உள்ளே அழைத்துப் போனார். சுண்ணாம்பில் ஊறி, முடி நீங்கிய ஆட்டுத் தோல்கள் ரப்பர் மாதிரி விறைத்து உப்பியிருந்தன. சுண்ணாம்பை நீக்கிவிட்டு, 'பேட்டிங்' தூளைப் போட்டு டிரம்மைச் சுற்ற விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு தோலை உருவி எடுத்துப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி மறையவில்லை. ரேகைகூடத் தெரிந்தது. "தடம் நின்னுச்சுன்னா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே நிறுத்திடணும். இதுக்கு மேல விட்டா மருந்து தோலையே தின்னுடும்" என்றார்.

அந்த மருந்து எது தெரியுமா? நம் கணையத்தில் சுரப்பதுதான். பழைய காலத்தில் தோலை மெதுவாக்க நாய்ச் சாணத்தையும் புறா எச்சத்தையும் தொட்டியில் கரைத்தார்கள். ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம், அந்தச் சாணத்தில் வேலை செய்வது செரிமான நொதிகள்தான் என்று கணித்தார். சாணம் எதற்கு, அறுக்கப்பட்ட கால்நடைகளின் கணையத்திலிருந்தே நொதியை எடுக்கலாமே என்று 1907-ஐ ஒட்டி 'ஓரோபான்' என்ற பொருளைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்கத் தோல் தொழில் மாறியது. இன்று பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுக்கும் நொதிகளும் பயன்படுகின்றன. ஆனாலும் பேட்டிங் என்ற வேலையின் மூல ஆசான் டிரிப்சின். புரதத்தை வெட்டும் கணைய நொதி.

பாலாற்றங்கரையில் தினமும் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் இளக்கும் இந்தப் பொருள், இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் வயிற்றிலும் இரைப்பைக்குப் பின்னால் தயாராகிக்கொண்டிருக்கிறது. கணையம் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், நூறு கிராமுக்குள் எடை. தோலையே தின்னக்கூடிய ஒன்றைத் தயாரிக்கும் இந்த உறுப்பு ஏன் கரைந்துபோவதில்லை? டிரிப்சினைப் பூட்டிய நிலையில்தான் அது செய்து அனுப்புகிறது. பூட்டைத் திறக்கும் சாவி சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கிறது. தப்பித் தவறி வழியிலேயே ஒரு பூட்டு திறந்துகொண்டால் அதை அடக்க, ஸ்பிங்க்-1 என்ற ஒரு சிறு புரதத்தையும் கணையமே கூடச் சேர்த்து வைக்கிறது. இந்தப் புரதத்தின் மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் நம் நாட்டுக் கணைய நோயாளிகளிடையே கணிசமாகக் காணப்படுகிறார்கள்.

பூட்டு உள்ளேயே திறந்துகொள்வதுதான் கணைய அழற்சி. கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது என்று பிராக் நகரின் நோய்க்கூறு அறிஞர் ஹான்ஸ் கியாரி 1896-லேயே சொல்லிவிட்டார்.

ஏன் திறக்கிறது? பித்தப்பைக் கல் நழுவி வந்து குழாயின் வாயை அடைப்பது ஒன்று, மது மற்றொன்று. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாவது, பூச்சிமருந்து குடித்தது, நாக்குப்பூச்சி குழாய்க்குள் ஏறியது என்று மற்றவையும் உண்டு. "தோல் கழிவுத் தண்ணிதான் காரணமா டாக்டர்?" என்று இந்தப் பகுதியில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்ததை உச்ச நீதிமன்றமே 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த நோயில் கழிவுநீரைக் குற்றவாளியாக்கிவிட்டு, பையில் இருக்கும் கல்லையும் கையில் இருக்கும் கிளாஸையும் விட்டுவிட்டால் நோயாளிதான் நஷ்டப்படுவார்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் வலி. மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கூடவே ஓயாத வாந்தி. "அல்சர்", "கேஸ்" என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் போக்கிவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். மீதிப் பேரில்தான் நான் இன்று பேச வந்த கடும் வகை இருக்கிறது. நுரையீரல், சிறுநீரகம், இரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று செயலிழந்து, அது 48 மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால் கடுங்கணைய அழற்சி என்று 2012-ல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு சொல்கிறது.

இந்த நோயாளியைக் கொல்வது டிரிப்சின் இல்லை. டிரிப்சின் தீக்குச்சி மட்டும்தான். செத்த கணையச் செல்களிலிருந்து சிதறும் துண்டுகளை உடலின் காவல்படை பார்க்கிறது. கிருமி நுழைந்தாலும் இதே மாதிரித் துண்டுகளைத்தான் அது பார்த்துப் பழகியிருக்கிறது. ஒரு கிருமிகூட இல்லாத இடத்தில், ஊரே எரிகிறது என்று நினைத்து வெள்ளணுக்கள் பாய்கின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். என்ற செய்தி மூலக்கூறுகள் உடல் முழுக்கப் பரவுகின்றன. இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் கால்களுக்கும் போய்விடுகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீர் நிற்கிறது. காலை ரவுண்ட்ஸில் நோயாளியின் கணுக்காலுக்கு மேல் பெருவிரலை அழுத்தி எடுப்போம். குழி நிற்கும். ஆம்பூர்ப் பெரியவர் காட்டிய அதே தடம். அந்தத் தோலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

தண்ணீர் கசிகிறது என்பதால் குளுக்கோஸும் சலைனும் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவதே சரி என்று நீண்ட காலம் நம்பினோம். 2022-ல் வெளியான 'வாட்டர்ஃபால்' ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. தாராளமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் தேங்கியது. அளவாக ஏற்றப்பட்டவர்களில் 6.3 சதவீதம் பேருக்குத்தான். பலனில் வித்தியாசம் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இது முதல் வாரம். இந்தப் புயலைத் தாண்டி வந்துவிட்டால் பிழைத்தார் என்று வீட்டார் நினைக்கிறார்கள். இளம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருக்கிறேன்.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஓர் இளைஞர். முப்பது வயதுகூட ஆகவில்லை. மது. முதலில் வேறோர் இடத்தில் சேர்த்து, அங்கே முதல் நாளே மிக உயர்ந்த ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டார்கள். வாயால் எதுவும் கொடுக்கவில்லை. எங்களிடம் வந்தபோது மூச்சுத் திணறல், வென்டிலேட்டரில் வைத்தோம். பத்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டோம், காய்ச்சல் இறங்கிவிட்டது. அவருடைய அம்மா, "காச்ச விட்டுடுச்சே ஐயா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டார். பதினேழாம் நாள் மறுபடி காய்ச்சல். ஸ்கேனில், செத்துக் கிடந்த கணையத் திசுவுக்கு நடுவே சிறு சிறு காற்றுக் குமிழிகள். கிருமி பிடித்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "கை கழுவிட்டுத்தானே ஐயா தொட்டோம்? வெளியாளுங்களையும் விடலையே. கிருமி எப்படி உள்ள போச்சு?"

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

கிருமி வெளியிலிருந்து வரவில்லை. அவருடைய குடலிலிருந்தே வந்தது. அது அத்தனை நாள் குடலுக்குள் அடங்கியிருந்தது. காவல் ஓய்ந்ததால் வெளியே வந்தது.

நோய் எதிர்ப்புப் படைக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று 'அடி', மற்றது 'போதும், நிறுத்து'. இரண்டாவதை 1990-களில் அமெரிக்க மருத்துவர் ரோஜர் போன் விரிவாக எழுதினார். முதலில் புயல் அடிக்கும், பிறகு களைப்பு வரும் என்று நாங்கள் படித்தோம். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்குகின்றன. அடிக்கும் கட்டளை உரக்கக் கேட்பதால் நிறுத்தும் கட்டளை ஆரம்பத்தில் நம் கண்ணில் படுவதில்லை. மோனோசைட் என்றொரு வெள்ளணு, தான் விழுங்கிய கிருமியின் துண்டைத் தன் மேற்பரப்பில் ஒரு தாங்கியில் ஏந்திப் பிற அணுக்களுக்குக் காட்டும். எச்.எல்.ஏ.-டி.ஆர். என்பது அந்தத் தாங்கியின் பெயர். கடுங்கணைய அழற்சியில் முதல் சில நாட்களிலேயே இந்தத் தாங்கிகள் குறைந்துவிடுகின்றன. குறைந்தே இருப்பவர்களுக்குப் பின்னால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். டி அணுக்களும் எண்ணிக்கையில் குறைகின்றன. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும் நேரத்திலேயே காவல்காரன் கண் அயரத் தொடங்கிவிடுகிறான்.

அதே வேளையில் குடல் பட்டினி கிடக்கிறது. அழுத்தம் விழும்போது உடல் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்கிவிட்டுக் குடலுக்குக் குறைத்துவிடும். குடலின் உட்சுவர் செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுபவை. அவற்றின் உணவில் பெரும் பகுதி, குடலுக்குள் கடந்து போகும் சாப்பாட்டிலிருந்தே நேராக வருகிறது. வாய்க்கு ஒன்றும் தராமல் போட்டால் அந்தச் சுவர் மெலிகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள ஒட்டுகள் தளர்கின்றன. இ. கோலையும் கிளெப்சியெல்லாவும் என்டரோகாக்கஸும் அந்த இடுக்கில் நுழைகின்றன. அருகிலேயே இரத்த ஓட்டமற்ற செத்த கணையத் திசு கிடக்கிறது. வெள்ளணு அங்கே போய்ச் சேர முடியாது, மருந்தும் சரியாகப் போகாது. செத்த திசு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதில் தொற்று ஏற்படுகிறது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு.

குடலைப் பற்றிப் பேசும்போது வேலூர் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை பின்னர் சி.எம்.சி. ஆனது. அங்கே 1960-களில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்ற குடல் நோயைத் துருவி ஆராய்ந்தார்கள். நோய் என்று எதுவும் சொல்லாத ஊர் மக்களின் சிறுகுடலையும் பார்த்தார்கள். மேலை நாட்டினரின் குடலில் விரல் விரலாக நிற்கும் உறிஞ்சிகள் இங்கே பலருக்கு இலை போல அகன்றும் குட்டையாகவும் இருந்தன. கருவிலிருக்கும் குழந்தைக்கு அவை விரல் போலவே இருந்தன. மாற்றம் பிறந்த பிறகுதான் வந்தது. சுற்றுப்புறக் கிருமிகளோடு வாழ்நாள் முழுக்கப் போராடும் குடல் இது. கணைய அழற்சி வரும்போது நம் ஊர்க்காரரைக் காக்க வேண்டிய மதில் இந்தக் குடல்தான். மதில் ஏற்கெனவே மெலிந்திருந்தால் தொற்று எவ்வளவு கூடும் என்பதை அளந்து சொல்ல உலகத்தில் வேலூரைவிடத் தகுந்த இடம் இல்லை. இளம் ஆராய்ச்சியாளர்கள் யாராவது அதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

இனி அந்த இளைஞருக்கு நடந்தது. சீழிலிருந்து வளர்ந்த கிளெப்சியெல்லா, கார்பபெனெம் வகை மருந்துகள் எதற்கும் அடங்கவில்லை. முதல் நாளிலிருந்து அவருக்கு ஏற்றப்பட்டது அதே வகை மருந்துதான். அடங்கும் கிருமிகளையெல்லாம் அது கொன்று, அடங்காததற்கு இடம் ஒழித்துக் கொடுத்திருந்தது.

பயந்துபோய் முன்கூட்டியே போடும் ஆன்டிபயாடிக் தொற்றைத் தடுக்கிறதா என்று 2004-ல் ஜெர்மனியில் 114 பேரிடமும், 2007-ல் மெரோபெனெம் கொண்டு 100 பேரிடமும் மருந்தும் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டிலும் தடுக்கவில்லை. முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் புயலின் காய்ச்சல். கிருமியின் காய்ச்சல் அல்ல. பித்தக் குழாயில் தொற்று இருந்தாலோ, நுரையீரலில் நிமோனியா இருந்தாலோ மருந்து கட்டாயம் வேண்டும், உடனே வேண்டும். தொற்று இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்ததும் போட வேண்டும். ஆதாரம் இல்லாமல் போடுவது, பின்னால் தேவைப்படும் ஆயுதத்தை இப்போதே மழுங்கடிப்பது.

நம் மாநிலத்துக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் உடனாய்வாளர்களும் 'லான்செட்' குழும இதழில் என்.டி.எம்.-1 பற்றி எழுதினார்கள். கார்பபெனெமையே உடைக்கும் நொதி அது. அதைச் சுமந்த 44 கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து வந்தவை. 2012-ல் மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க வழி சொன்ன சென்னை அறிவிக்கை பிறந்ததும், 2014 மார்ச் முதல் இந்த மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்ததும் அதன் தொடர்ச்சி. ஆனாலும் வயிற்று வலி என்று மெடிக்கல் ஷாப்பில் நின்றால் ஐந்து நாள் மாத்திரை கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் களைத்த காவலை நேரடியாக எழுப்பிவிடலாமே என்று மருத்துவ உலகம் நினைக்காமல் இல்லை. சீனாவில் 16 மருத்துவமனைகளில் 508 பேருக்கு, டி அணுக்களைத் தூண்டும் தைமோசின் ஆல்ஃபா-1 என்ற ஊசியைச் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: கணையத் தொற்று குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதற்கு முன் நெதர்லாந்தில், நல்ல பாக்டீரியாவைக் குடலுக்குள் செலுத்திக் கெட்டதை விரட்டலாம் என்று முயன்றார்கள். கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது! நம் வீட்டுத் தயிரைப் போலத்தானே என்று யாருக்கும் தோன்றும். 2008-ல் வந்த முடிவில், போலி மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நல்ல பாக்டீரியா பெற்றவர்களில் 16 சதவீதம். ஒன்பது பேருக்குக் குடலுக்கு இரத்தம் நின்றுபோயிருந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்தது உயிரை எடுத்தது. தாங்கள் நம்பிய ஒரு வைத்தியத்தின் தோல்வியை ஒளிக்காமல் அச்சிட்ட அந்த ஆய்வாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

பலன் தந்தவை எளிய காரியங்கள். வாய் வழியாகவோ, மூக்குக் குழாய் வழியாகவோ குடலுக்குள் உணவு போக வேண்டும். நரம்பு வழி உணவோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குடல் வழி உணவு தொற்றையும் உறுப்புச் செயலிழப்பையும் சாவையும் குறைத்தது. நோயாளிக்குப் பசித்து அவரால் விழுங்க முடிந்தால் குழாய்கூட வேண்டாம். இட்லியும் கஞ்சியும் போதும். "கணையத்துக்கு ஓய்வு" என்று சொல்லி வாரக்கணக்கில் பட்டினி போட்ட காலம் முடிந்துவிட்டது. நம் வார்டுகள் சிலவற்றில் அது இன்னும் முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது, கத்தியை அவசரப்பட்டு எடுக்காமல் இருப்பது. செத்த திசுவைச் சுற்றி உடல் தானே ஒரு சுவர் எழுப்பும். அதற்குச் சுமார் நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் வயிற்றைத் திறந்து அள்ளப் போனால் உயிருள்ள திசுவும் இரத்தமாய்ப் பெருகும். 2010-ல் வந்த 'பேன்டர்' ஆய்வில், முதலில் ஒரு குழாய் மட்டும் வைத்துச் சீழை வடித்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 2021-ல் வந்த 'பாயின்டர்' ஆய்வில் குழாய் வைப்பதையும் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே போதுமாக இருந்தது. பதம் வரும் நேரத்தை விரலால் அறிந்த ஆம்பூர்ப் பெரியவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் அவர் தொழிலே இருக்கிறது.

அந்த இளைஞருக்கு முதுகுப் பக்கமாக இரண்டு குழாய்கள் வைத்தோம், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தோம். சிறுநீரகம் நின்றது. முப்பத்து நான்காம் நாள் விடியற்காலையில் அவர் இறந்தார். அவர் அம்மாவுக்கு என் பதிலை அன்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. இந்த அரங்கில் அவரைப் போன்ற அம்மாக்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

முதுகுக்கு ஏறும் வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் அல்சர் ஊசியோடு நிற்காமல் அன்றே லைபேஸ் என்ற இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கல்லால் வந்தது என்றால், லேசான நோயில் வீட்டுக்குப் போகும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடச் சொல்லுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று போனவர்கள் அடுத்த தாக்குதலோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். மதுவால் வந்தது என்றால் ஒரு கட்டிங்கூட இனி கிடையாது. கடும் நோயில் முதல் வாரம் காய்ச்சல் விட்டதும் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போகாதீர்கள். மூன்றாவது வாரம்தான் கிருமியின் வாரம். ஐசியு வாசலில் மருத்துவரைப் பிடித்து, "ஏன் இன்னும் ஆன்டிபயாடிக் போடல?" என்று கேட்டு அவரைப் பயமுறுத்தாதீர்கள். அதற்குப் பதிலாக இரண்டாம் நாளே இதைக் கேளுங்கள்: "எப்போ சாப்பாடு கொடுப்பீங்க டாக்டர்?"